டேங்கோ ஆடப் போறீங்களா? டேபிளுக்குப் போய் கையை நீட்டாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு செம கடுப்புல இருக்கேன். "புவெனஸ் அயர்ஸ் மிலோங்காவுல பிடிச்சவங்க டேபிளுக்குப் போங்க, கையை நீட்டிக் கூப்பிடுங்க"ன்னு ஒரு ரீல் சுத்திட்டிருக்கு. மிலோங்கான்னா அர்ஜென்டினாவோட டேங்கோ ஜோடி நடனம் ஆடக் கூடுற இடம். ஐயோ சாமி! லா விருத்தா மாதிரி இளவட்டம் கூடுற இடத்துல வேணா அது நடக்கும். பழைய பாணி மிலோங்காவுல எல்லாமே கண்ணாலதான்.

உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பார்க்கணும், அது மிராடா. அவங்களும் பார்த்தா லேசா தலையசைக்கணும், அது கபெசேயோ. பதிலுக்குத் தலையசைச்சா ஆட்டம் உறுதி. முகத்தைத் திருப்பிட்டா விட்டுடுங்க. வாய்விட்டு யாரும் மறுக்கலை, யார் மானமும் போகலை.

சிக்கல் எங்கன்னா, பெண்கள் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தருக்கு அசைச்ச தலைக்கு ரெண்டு பேர் எழுந்திரிச்சா? அதனால பெண்களே, தலையசைச்சவர் உங்க டேபிள் முன்னாடி வந்து நிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காதீங்க. நடந்து வர்றவரும் கண்ணை எடுக்கக் கூடாது. பவர் கண்ணாடி இருந்தா போட்டுக்கோங்க, வெளிச்சம் கம்மிதான். அப்புறம் அந்த ஃபோன்! குனிஞ்சு அதையே நோண்டிட்டிருந்தா யார் உங்களைக் கூப்பிடுவா? கடைசியில "யாருமே கூப்பிடலை"ன்னு புலம்பல் வேற.

ஒருத்தரோட ஒரு தாண்டா, அதாவது தொடர்ந்து வர்ற ஒரு பாட்டுத் தொகுப்பு, முழுக்க ஆடணும். டேங்கோன்னா பெரும்பாலும் 4 பாட்டு, வால்ஸுக்கும், மிலோங்கான்னே பேர் இருக்கிற தாளத்துக்கும் 3. நடுவுல மரியாதைக்குக்கூட "கிராசியாஸ்" (நன்றி) சொல்லிடாதீங்க, ஆட்டம் அதோட முடிஞ்சுது. பாட்டு ஆரம்பிச்சதும் பாய்ஞ்சு ஆடவும் வேண்டாம். அரை நிமிஷம் நின்னு பேசுவாங்க, அது அங்க வழக்கம்.

ஆங், கொர்தினாவை விட்டுட்டேனே! ரெண்டு தாண்டாவுக்கு நடுவுல வேற ரகத்துல ஒரு துண்டுப் பாட்டு வரும். அப்போ தளம் காலியாகணும், கூட ஆடினவங்களை அவங்க இடம் வரைக்கும் கொண்டு விடணும். அடுத்த பாட்டு எந்த ஆர்கெஸ்ட்ரான்னு கேட்டுட்டுத் தேடுங்க. தாரியென்சோன்னா துள்ளல். தி சார்லி எனக்கு உயிர், நிதானமா நடந்தாலே போதும். புக்லியேசே முதல் நாளே வேண்டாம், வேகம் இழுத்து இழுத்து மாறும், கால் தடுமாறும்.

தளத்துல நுழையறதும் கண்ணாலதான். வட்டத்துல ஜோடியை நடத்திட்டு வர்ற லீடரைப் பாருங்க, அவர் தலையசைச்ச பிறகு உள்ள போங்க. வட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில போகும். முந்தக் கூடாது, பின்னாடி காலெடுத்து வைக்கக் கூடாது. கூட்டத்துல காலை உயரத் தூக்கி வீசறவங்களைக் கண்டாலே எனக்கு எரியும், ஹீல்ஸ் பக்கத்து ஆள் முழங்கால்லதான் போய்க் குத்தும்.

ஆடிட்டிருக்கும்போது கத்துக்கொடுக்கிறேன்னு ஆரம்பிக்காதீங்க, அதுக்குத் தனியா பிராக்திகான்னு பயிற்சிக் கூட்டம் நடக்குது. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல போடுங்க.