லவ் பேர்ட்ஸ் முட்டையும் வீட்டு நாயும்

வணக்கம் நேயர்களே. நம்முடைய தோட்டத்து லய வீடுகளில் பல வாசல்களில் இப்போது லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்குகிறது. பெட்டை முட்டையிட்டு, குஞ்சு வராமல் போனால் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "சும்மா கெட்டுப் போறத நாய்க்கு ஊத்திவிட்டா என்னங்க டொக்டர்?"

புது முட்டையை நன்றாக அவித்துக் கொடுத்தால் நாய்க்கும் பூனைக்கும் ஒன்றும் ஆகாது. கிளி, புறா, கோழி எதுவானாலும் முட்டை முட்டைதான். ஆனால் லவ் பேர்ட்ஸ் முட்டை ஒன்று ஏறக்குறைய 2 கிராம். கோழி முட்டை ஒன்றுக்கு ஈடாக 25 முட்டை வேண்டும். நாய்க்குப் பல்லில் ஒட்டக்கூடக் காணாது. முயலுக்கு எந்த முட்டையும் வேண்டாம், அது இலை தழை தின்னும் பிராணி.

பச்சையாக மட்டும் ஊற்றாதீர்கள். ஓட்டில் ஒட்டிய எச்சத்திலும், சில நேரம் முட்டைக்குள்ளேயும் சல்மொனெல்லா கிருமி இருக்கும். நாய் தாங்கிக்கொண்டாலும், அதே நாய்தான் பிள்ளையின் கையை நக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு தாராளம். மஞ்சள் கரு இறுகத்தான் கொழும்பைவிடக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும். வெங்காயம் போட்டுப் பொரித்ததைக் கொடுக்க வேண்டாம், வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இன்னொன்று, பச்சை முட்டை ருசி கண்ட நாய் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் தலையை விட்டால் அடி நாய்க்கு, சண்டை உங்களுக்கு.

அவித்தாலும் கூடாத முட்டை உண்டு. பறவைக்குச் சளி என்று மனிதருக்கு வாங்கிய கெப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிறார்கள். அந்த மருந்து முட்டைக்குள் இறங்கும், கொதிக்க வைத்தாலும் போய்விடும் என்று நம்ப முடியாது. பறவை பல நாள் அடைகாத்த முட்டையும் அப்படித்தான். வெதுவெதுப்பான வயிற்றுக்குக் கீழே கிருமி நன்றாகப் பெருகும். அதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

நாயைவிட எனக்குக் கவலை அந்தப் பெட்டையைப் பற்றித்தான். ஆண் துணை இல்லாமலே அது முட்டையிடும். கரு பிடித்ததா என்று பார்க்க, அடைகாத்து ஒரு வாரமானதும் இருட்டறையில் போன் டோர்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடியுங்கள். கரு இருந்தால் சிவப்பு நரம்பு நூல் நூலாக ஓடும். இல்லாவிட்டால் வெறும் மஞ்சள் வெளிச்சம். கரு இல்லை என்று தெரிந்ததும் தூக்கி எறிகிறோம். பறவை விடாது, குறைந்ததை ஈடுகட்ட மறுபடியும் இடும். எடுக்க எடுக்க இடும். ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்தும்தான் கரைந்து வருகிறது. ஆகவே மூன்று வாரம் முட்டைகளைக் கூட்டிலேயே விடுங்கள், அதுவாகவே சலித்து எழுந்து போகும். ஆண் பறவை இருந்து, குஞ்சு வேண்டாம் என்றால், இட்ட அன்றே முட்டையை அவித்து, ஆறவைத்து, திரும்பக் கூட்டில் வையுங்கள். அவித்த முட்டை போகவேண்டிய இடம் அதுதான். நாய்க்கு ஆசையாக இருந்தால் கடையில் ஒரு கோழி முட்டை வாங்கினால் போச்சு.

கூண்டுக் கம்பியில் கணவாய் ஓடு ஒன்றைக் கட்டிவிடுங்கள். வெறும் தினையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையோடு தை மாதக் குளிரும் சேர்ந்தால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் குந்தியிருக்கும், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும், முக்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து, பெட்டியில் மூடி, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். கண்டிப் பக்கம் உள்ளவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை இருக்கிறது. முட்டை வெளியே எட்டிப் பார்த்தாலும் விரலால் பிடித்து இழுக்க வேண்டாம், உள்ளே உடைந்தால் பறவையைக் காப்பாற்றுவது கஷ்டம்.