முத்து குளித்தவனைக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். தூத்துக்குடிக்குப் பெருமை பழைய வரலாறா, இன்றைய வாழ்க்கையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இன்றைய வாழ்க்கை பக்கம். எதிரணி அண்ணன் முத்து, பாண்டியன், கொற்கைத் துறைமுகம் என்று அடுக்கினார், கைதட்டலும் நன்றாகவே விழுந்தது, ஆனால் அந்த முத்தை எடுத்தவன் என்ன பாடுபட்டான் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

காலுக்குக் கல், கைக்குக் கயிறு, மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்கு இறங்கி, கிடைத்த சிப்பியை அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருக்கிறவர் இழுத்துத் தூக்குவார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வதற்கென்றே ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார், அவருக்கும் சிப்பிதான் கூலி! பாண்டியன் போய்ப் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1658இல் டச்சுக்காரர்கள், அப்புறம் ஆங்கிலேயர்கள். பங்கு கேட்கிற கை மாறியதே தவிர, முங்குகிறவன் முங்கிக்கொண்டேதான் இருந்தான். யாருக்கு ஐயா அது பொற்காலம்?

வ.உ.சி.யையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதெப்படி? பழம்பெருமை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பலைக் கொண்டுவந்திருப்பாரா? 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது அவர்கள் பக்கம் போய் நின்றாரே, அன்றைக்கு அது நடப்புச் செய்திதானே! அவர் எங்கள் ஆள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உப்பளத்தில் மட்டும் சுகமா என்று கேட்பீர்கள். இல்லை. வாருபலகையை இழுத்து இழுத்துக் கை காய்த்துப் போகும், வெயில் பட்டு மின்னுகிற உப்பு கண்ணைக் கெடுக்கும், மழைக்காலம் வந்தால் வேலையே கிடையாது. ஆனால் கூலி போதவில்லை என்றால் இன்றைக்கு சங்கம் வைத்துக் கேட்க முடிகிறது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததைச் சொல்லி, இதுதான் உங்கள் இன்றைய ஊரா என்றார் அண்ணன். ஆமாம், இதுதான். காற்றும் தண்ணீரும் கெட்டுப்போகிறது என்று ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து கேட்ட ஊர். சுட்டது அவமானம், கேட்டது பெருமை.

பனிமய மாதா கோயிலையும் சும்மா விடவில்லை அவர். சரி, அந்தக் கோயில் எந்த நூற்றாண்டில் கட்டியது என்று பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குப் போகிற தோணியில் சரக்கு ஏற்றுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்களா தெரியாது. ஆகஸ்ட் 5 என்ன நாள் என்று கேளுங்கள், எந்த மதத்துக்காரராக இருந்தாலும் திருவிழா என்பார்!