நூறு தட்டு வைத்தாலும் ஆல்கஹாலை விட்டுத் தண்ணீர் போகாது! ஏன்?

[திரையில்: உயரமான டிஸ்டிலேஷன் டவர், கீழிருந்து மேலே நகரும் கேமரா]

வணக்கம் நண்பர்களே! இந்த டவருக்குள் எத்தனால் என்ற ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கலவையை விட்டுக் காய்ச்சுகிறோம். உள்ளே அடுக்கடுக்காக நூறு தட்டு; ஒவ்வொன்றிலும் மேலேறும் ஆவியும் கீழிறங்கும் திரவமும் சந்திக்கும். இன்னும் நூறு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில், மேலே வரும் எத்தனால் எடைக்கணக்கில் 95.6 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. மீதி தண்ணீர்தான்.

கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பலரை அரியர் வைக்க வைக்கும் மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது. முன்கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள் நகரும். அதற்கு 1855ல் கணக்கு எழுதியவர் அடால்ஃப் ஃபிக். அவர் இன்ஜினியரே இல்லை, உடலியங்கியல் ஆராய்ந்த டாக்டர்! முதல் யூனிட் ஓவர்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். ஒரு டவருக்கு எத்தனை தட்டு வேண்டும் என்பதை பென்சிலும் ஸ்கேலும் வைத்தே கண்டுபிடிக்க, 1925ல் மெக்கேப், தீல் என்ற இருவர் வழி சொன்னார்கள். கிராப் ஷீட்டை எடுங்கள். கீழ் அச்சில் திரவத்தில் உள்ள எத்தனால், பக்க அச்சில் அதனோடு சமநிலையில் இருக்கும் ஆவியில் உள்ள எத்தனால். இரண்டுமே மோல் கணக்கு, அதாவது எடையை விட்டுவிட்டு மூலக்கூறுகளை எண்ணும் கணக்கு. மூலைக்கு மூலை 45 டிகிரியில் ஒரு கோடு. அதற்கு மேலே, தொடக்கத்தில் பெரிய தொப்பை போட்டுப் போகப் போக இளைக்கும் ஒரு வளைவு.

[திரையில்: வரைபடம், கையில் பென்சில்]

மேலே வரும் ஆவி முழுவதையும் குளிரவைத்துத் திரும்ப டவருக்குள்ளேயே விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது படி போடுவது சுலபம்: வளைவு வரை மேலே, கோடு வரை பக்கவாட்டில். ஒரு படி என்றால் ஒரு தட்டு. திரவத்தில் 10 சதவீதம் எத்தனால் என்றால் ஆவியில் சுமார் 44. ஒரே தட்டில் நாலு மடங்குக்கு மேல்! அடுத்த படி 63. அட, ஜெயித்துவிட்டோமே என்று தோன்றும். அடுத்தது 71. அடுத்தது 76. அப்புறம் 79. படி சுருங்குவதைக் கவனித்தீர்களா? பென்சில் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் இந்த மூலையில் ரெண்டு படி ஒரே கோடாகிவிடும். பரீட்சையில் உங்களுக்கு ஒரு விடை, பக்கத்துப் பையனுக்கு ஒரு விடை வருவது இங்கேதான். இந்த மூலையை மட்டும் பெரிதாக்கித் தனியாக வரையுங்கள்.

89.4ல் வளைவு அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. எடைக்கணக்கில் அதுதான் முதலில் சொன்ன 95.6. திரவத்தில் என்ன விகிதமோ அதே விகிதம்தான் ஆவியிலும். காய்ச்சி என்ன பிரயோஜனம்? இப்படிப்பட்ட கலவைக்குத்தான் அசியோட்ரோப் என்று பெயர். அசியோட்ரோப் என்றால் என்ன என்று வரையறையை மனப்பாடம் செய்யும் தம்பி தங்கைகளே, இந்த மூலையில் ஒருதடவை மாட்டிப் பாருங்கள், ஆயுசுக்கும் மறக்காது. சாஃப்ட்வேர் நொடியில் விடை சொல்லிவிடும். ஆனால் ஏன் மாட்டியது என்பது கையால் வரைந்தவருக்குத்தான் உறைக்கும். இது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் கமென்ட்டுக்கு வாருங்கள்!

சரி, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் தண்ணீர் இருக்கக் கூடாதே? தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். இந்தியாவில் 20 சதவீதம் கலக்கிறார்களே, எப்படி?

அங்கே காப்பாற்றுவது, 'சாய்ஸில் விட்டுடலாம்' என்று நாம் ஒதுக்கும் அட்சார்ப்ஷன் யூனிட், அதாவது திடப்பொருளின் பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதைப் பற்றிய பாடம். ஜியோலைட் என்ற நுண்துளைகள் நிறைந்த கனிமத்தின் குருணைகளில் உள்ள துளையின் அகலம் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் 3 பங்கு. தண்ணீர் மூலக்கூறு உள்ளே நுழைந்துவிடும், எத்தனால் நுழையாது. ஆவியை இதன் வழியே விட்டால் 99.5 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக வரும். ஒரு தொட்டியில் குருணை தண்ணீர் குடித்து நிறைந்ததும், வால்வைத் திருப்பி அடுத்த தொட்டிக்கு ஆவியை மாற்றுவார்கள். நிறைந்ததில் அழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் கழன்று வந்துவிடும், அது மறுபடி தயார்.

ஃபீட் லைன், ரிஃப்ளக்ஸ் ரேஷியோ எல்லாம் அடுத்த வீடியோவில். கிராப் ஷீட் வாங்கி வையுங்கள், பென்சிலைச் சீவி வையுங்கள்.