மூன்றாம் வகுப்பில் ஒரு மழைக்காடு

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்து கடைசிவரை இருப்பேன் என்று சொல்லி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் ஐயா அவர்களே, மண்டபமும் மதியச் சாப்பாடும் தந்த எஸ்டேட் மேலாளர் அவர்களே, தலைமையாசிரியர்களே, வால்பாறை மலைப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழைக்காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னபின் என்ன செய்வது என்று மூன்று செய்திகள் பேச வந்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

அமேசானில் தொடங்காதீர்கள். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கிறதே, அதுவே மழைக்காடு என்று சன்னல் வழியே காட்டுங்கள். எட்டு வயதுக்குப் 'பல்லுயிர்ப் பெருக்கம்' வேண்டாம். பெரிய அலகுகொண்ட நம் காட்டுப் பறவையான இருவாச்சியின் கதை போதும். பெட்டை பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இறகுகளை உதிர்த்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவை அத்தியையும் காட்டுச் சாதிக்காயையும் தொண்டையில் அடக்கி வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். ஏறக்குறைய நான்கு மாதம்!

இதை நடிக்க வையுங்கள். பெரிய அட்டைப்பெட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறல் போடுங்கள். உள்ளே ஒரு மாணவி. ஒரு மாணவன் புளியங்கொட்டை பொதிந்த சிவப்புக் காகித உருண்டைகளை ஊட்டட்டும். அவள் காகிதத்தை வைத்துக்கொண்டு கொட்டையை வெளியே தள்ளட்டும். பாதியில் மாணவனை நிறுத்தி, "ஆண் பறவையை வேட்டையாடிவிட்டார்கள், இனி யார் ஊட்டுவது?" என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளைகளே சொல்லட்டும். ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கலங்கவைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆணைத் திரும்பக் கூப்பிட்டு, குஞ்சு பறக்கும்வரை நடத்தி முடியுங்கள். பிறகு கீழே கிடக்கும் கொட்டைகளைக் காட்டி, காட்டு மரங்கள் முளைப்பது இப்படி விழும் விதைகளிலிருந்துதான் என்று சொல்லுங்கள்.

அந்தக் கொட்டைதான் என் கோரிக்கை. பள்ளிக்கொரு நாற்றங்கால் வேண்டும்! மரம் நடு விழாவில், தேயிலைக்கு நிழல் தரும் வெளிநாட்டு மரமான சில்வர் ஓக் கன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தால் மழைக்காடு வராது. வெடிப்பலா, வெள்ளைக் குங்கிலியம் போன்ற மழைக்காட்டு மரங்களின் விதை காய்ந்தால் செத்துவிடும். டப்பாவில் போட்டு வைத்து அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. அனுமதி வாங்கி, சாலையோரம் விழுந்ததை மட்டும் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வந்து ஓரிரு நாளில் ஊன்ற வேண்டும். நாற்றுப் பையில் மூன்று பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு. பையின் அடியில் துளை அவசியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மேலே பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், மூன்றாம் வகுப்பில் ஊன்றியதை ஐந்தாம் வகுப்பில் நடலாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, சொல்லுங்கள்!

பள்ளி நாற்றங்கால்கள் சாவது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல். ஆகவே வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன்: ஏப்ரல், மே மாதங்களுக்கு எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றும் என்ற முறைப்பட்டியலை மார்ச்சிலேயே ஒவ்வொரு பள்ளியும் ஒட்ட உத்தரவிடுங்கள். வனச்சரக அலுவலர் ஐயா விதை பொறுக்கும் அனுமதியை மழைக்கு முன்பே தந்து உதவ வேண்டும். நன்றி, வணக்கம்.