121 தோல்விக்கு அப்புறம் வைட் சாக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்தக் குளிர்ல, டிசம்பர் கடைசி சனிக்கிழமை, அதுவும் பேஸ்பால் பேச்சைக் கேக்க இவ்வளவு பேர் வந்து உக்காந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நான் சிகாகோ வந்தது 2004ல, அடுத்த வருஷமே இந்த ஊர் பேஸ்பால் டீம் வைட் சாக்ஸ் வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியன் பட்டம், ஜெயிச்சுது. 1917க்கு அப்புறம் 2005, எண்பத்தெட்டு வருஷம் காத்திருந்த ஜனங்க, டவுன்டவுன்ல ஊர்வலம் போனப்ப என் பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் அவரோட அப்பா போட்டோவ தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு, அப்பா பாக்காமலே போயிட்டாரேன்னு. அன்னிக்குப் பிடிச்சதுதான் எனக்கு இந்த டீம், இன்னும் விடல. அதனால இன்னிக்கு நான் பேசப் போறது வெளிய நின்னு பாக்குறவன் பேச்சா இருக்காது, கொஞ்சம் வலியோடதான் இருக்கும்.

பேஸ்பால் பாக்காதவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். ஒரு சீசன்ல 162 மேட்ச், ஆறு மாசம், கிட்டத்தட்ட தினமும் ஒண்ணு. எவ்வளவு மோசமான டீமும் 54 ஜெயிக்கும், எவ்வளவு நல்ல டீமும் 54 தோக்கும், மிச்சம் இருக்கிற 54ல என்ன பண்றோம்கிறதுதான் சீசன்னு இங்க ஒரு பழைய பேச்சு உண்டு. 2024ல நம்ம டீம் ஜெயிச்சது மொத்தமே 41, தோத்தது 121. அதாவது யாருக்கும் சும்மா வந்து சேரும்னு சொல்ற அந்த 54 கூட வரல. 1900க்கு அப்புறம் ஒரே சீசன்ல இத்தனை மேட்ச் எந்த டீமும் தோத்ததில்ல, 1962ல புதுசா ஆரம்பிச்ச நியூயார்க் மெட்ஸ் 120 தோத்ததுதான் அதுவரைக்கும் ரெக்கார்டு. மெட்ஸ் 160 மேட்ச்தான் ஆடினாங்க, சதவீதக் கணக்குல அவங்கதான் ஒரு மயிரிழை கீழ, ஆனா அது அப்பதான் பொறந்த டீம், மத்த டீம்கள் வேணாம்னு விட்ட ஆளுங்கள வெச்சு ஆடின டீம். நம்மது 1901ல இருந்து ஆடிட்டு இருக்கிற டீம், அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான் டிவிஷன், அதாவது லீக்ல தன்னோட பிரிவ, ஜெயிச்ச டீம். எனக்கு வலிக்கிற இடம் அதுதான்.

சீசன் எப்படிப் போச்சுன்னு ரொம்ப நேரம் ஓட்டல, மொத 25 மேட்ச்ல 3 வெற்றி 22 தோல்வி. ஜூலை 10ல இருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் தொடர்ந்து 21 தோல்வி, நம்ம டீம் ஆடற அமெரிக்கன் லீக்ல 1988 பால்டிமோர் ஓரியோல்ஸ் வெச்ச ரெக்கார்ட சமன் பண்ணாங்க. ஓக்லண்ட்ல போய் 5-1னு ஒண்ணு ஜெயிச்சாங்க, ரெண்டே நாள்ல மேனேஜர், அதாவது டீமோட கோச், பெட்ரோ கிரிஃபோல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மிச்ச சீசனுக்கு கிரேடி சைஸ்மோர் பாத்துக்கிட்டாரு. மொத்த சீசன்ல அடிச்ச ரன் 507, விட்ட ரன் 813, வித்தியாசம் 306. இதுல யார் மேல தப்புன்னு ஒரு ஆளைக் காட்ட முடியாது, அடிக்கவும் ஆள் இல்ல, தடுக்கவும் ஆள் இல்ல.

ஆனா செப்டம்பர் கடைசி வாரத்தப் பத்தி சொல்லியே ஆகணும். நம்ம பசங்க 120 தோல்வியோட, ஏஞ்சல்ஸ் டீமை எதிர்த்து மூணு மேட்ச் ஆட ஊருக்கு வர்றாங்க. செவ்வாய்க்கிழமை நானும் ரெட் லைன் ரயில் பிடிச்சு 35வது ஸ்ட்ரீட்ல இறங்கிப் போனேன். ரெக்கார்டு உடையறதப் பாக்கணும்னே வந்த கூட்டம் பாதி, டீமை வித்துட்டுப் போன்னு ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப பாத்து கத்துற கூட்டம் மீதி. எட்டாவது இன்னிங்ஸ்ல மூணு ரன் அடிச்சு 3-2ன்னு ஜெயிச்சுட்டாங்க. அடுத்த நாள் பத்தாவது இன்னிங்ஸ்ல 4-3, மூணாவது நாள் 7-0. மூணும் வெற்றி! அந்தப் பசங்க கையில ஒண்ணுமே இல்ல, போஸ்ட்சீசன், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்று, இல்ல, அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு தெரியாது, ஆனா சொந்த ஊர் ஜனங்க கண்ணு முன்னாடி அந்த ரெக்கார்ட உடைக்கக்கூடாதுன்னு ஆடினாங்க பாருங்க, நான் 2005ல கூட அப்படி எழுந்து நின்னு கை தட்டல. வெள்ளிக்கிழமை டெட்ராய்ட் போய் 4-1னு தோத்து 121 ஆச்சு. அதே ராத்திரி அதே மைதானத்துல டெட்ராய்ட் டைகர்ஸ் போஸ்ட்சீசனுக்குள்ள போயிட்டாங்க, ஒரு பக்கம் ஷாம்பெயின், இன்னொரு பக்கம் தலையக் குனிஞ்சு பையைக் கட்டிட்டு இருக்காங்க. டைகர்ஸும் 2003ல 119 தோத்தவங்கதான், 2006ல வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போனவங்க, அதை மனசுல வெச்சுக்குங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன், இது ஏன் நடந்துச்சு. நிறைய பேர் பணம் செலவு பண்ணாததுதான் காரணம்னு சொல்றாங்க, அதுல உண்மை இருக்கு. இந்த டீம் வரலாற்றுலயே பெரிய காண்ட்ராக்ட் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த அஞ்சு வருஷம் 75 மில்லியன் டாலர்தான், அதே காலத்துல மெட்ஸ் ஹுவான் சோட்டோங்கிற பேட்டருக்கு 765 மில்லியன் கொடுக்குறாங்க. சிகாகோ மாதிரி ஊர்ல இருந்துக்கிட்டு இந்தக் கணக்கு எனக்கும் புரியல. ஆனா என் கருத்து, பணம் ரெண்டாவது காரணம்தான். மொதக் காரணம் வேற.

2016 டிசம்பர்ல கிறிஸ் சேல்ங்கிற அற்புதமான பிட்சரை, அதாவது பந்து போடறவரை, பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக்கை வாங்கினாங்க, மறுநாளே ஆடம் ஈட்டனைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ. அடுத்த வருஷம் ஹோசே கின்டானாவ இதே ஊரோட இன்னொரு டீம் கப்ஸுக்கே கொடுத்து எலாய் ஹிமெனஸ், டிலன் சீஸ். கியூபால இருந்து லூயிஸ் ராபர்ட் வந்தாரு. அந்த நேரத்துல இதைவிட நல்ல இளம் கூட்டம் எந்த டீம்கிட்டயும் இல்லன்னு எல்லாரும் பேசினாங்க, நானும் நம்பினேன். விளைஞ்ச நெல்லை வித்து நாத்து வாங்கி நட்டாச்சு. ஆனா நட்டவுடனே எல்லாரும் வரப்புல உக்காந்துட்டாங்க, களை எடுக்க ஆள் இல்ல, தண்ணி பாய்ச்ச ஆள் இல்ல. மத்த டீம்கள்ல பேட்டரோட ஸ்விங்க கேமரா வெச்சு கூறு கூறாப் பாத்து திருத்திட்டு இருந்த காலத்துல இங்க திறமை இருக்கு, தானா வந்துடும்னு விட்டுட்டாங்க.

2020ல, கொரோனா வருஷத்துக் குட்டி சீசன்ல, 35-25ன்னு போஸ்ட்சீசன் போனாங்க, போன உடனே மேனேஜர் ரிக் ரென்டேரியாவ எடுத்துட்டு டோனி லரூசாவக் கொண்டு வந்தாங்க. அப்ப அவருக்கு 76 வயசு, 2011க்கு அப்புறம் டக்அவுட்ல, அதாவது மைதான ஓரத்துல டீம் உக்கார்ற இடத்துல, மேனேஜரா உக்காரவே இல்ல. ஏன் அவரு? 1986ல இதே டீம் அவரை வேலைய விட்டு எடுத்துச்சு, அந்தத் தப்பு ஓனர் மனச முப்பத்தி நாலு வருஷமா உறுத்திட்டு இருந்துச்சு. மனுஷனா அது நல்ல மனசு, நான் மறுக்கல, ஆனா ஒரு டீமோட பொன்னான அஞ்சு வருஷத்துக்கான முடிவை அப்படியா எடுக்கறது? 2021ல 93 வெற்றி, டிவிஷன் பட்டம், அயோவா சோளக்காட்டு நடுவுல யாங்கீஸோட ஆடின மேட்ச்ல டிம் ஆண்டர்சன் கடைசி இன்னிங்ஸ்ல அடிச்ச பந்து சோளத்துக்குள்ள போய் விழுந்து 9-8ன்னு ஜெயிச்சது, அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல, அவ்வளவு சந்தோஷம். அதுதான் உச்சின்னு அப்ப தெரியல. போஸ்ட்சீசன்ல ஹூஸ்டன் கிட்ட தோத்தாங்க, 2022ல 81-81, 2023ல 61-101. ஆளுக்கு ஆள் காயம், அவங்க இடத்துல இறக்க பின்னாடி ஆள் இல்ல. கீனன் மிடில்டன்னு ஒரு பிட்சர் யாங்கீஸுக்கு டிரேட் ஆனப்புறம் பேட்டி கொடுத்தாரு, நான் இருந்த டீம்ல ரூல்ஸ்னு ஒண்ணுமே இல்லன்னு. அதைப் படிச்சப்ப கோபம் அவர் மேல வரல.

ஆகஸ்ட் 2023ல டீமுக்கு ஆள் எடுக்கிற பொறுப்புல இருந்த ரிக் ஹான், கென்னி வில்லியம்ஸ் ரெண்டு பேரையும் வேலைய விட்டு எடுத்தாங்க, சரி, வெளிய இருந்து புது ஆள் வருவாருன்னு நெனச்சோம், ஒன்பதே நாள்ல உள்ளயே இருந்த கிறிஸ் கெட்ஸ ஜெனரல் மேனேஜர் ஆக்கிட்டாங்க. அவருதான் அந்த இளம் பசங்கள வளர்க்கிற பிரிவுக்கே பொறுப்பா இருந்தவரு! வெளி ஆள் வந்தா புரிஞ்சுக்கவே ஒரு வருஷம் ஆகும்னு ஓனர் காரணம் சொன்னாரு. நான் அன்னிக்கு கெட்ஸ கடுமையா திட்டினேன், இங்க இருக்கிற சில பேருக்கு ஞாபகம் இருக்கும். இன்னிக்கு என் கருத்தை கொஞ்சம் மாத்திக்கிறேன், ஏன்னு சொல்றேன்.

இந்த 2025 சீசன் 60-102. மூணாவது வருஷமா நூறு தோல்வி, இதுல கொண்டாட என்ன இருக்குன்னு கேப்பீங்க. எனக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டத் தோணுது, கோல்சன் மாண்ட்கமரி. 2021 டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் வரிசையா புதுப் பசங்கள எடுக்கிறதுல, மொத ரவுண்டுல எடுத்த பையன், பக்கத்து இண்டியானாக்காரன், ரெண்டாவது மூணாவது பேஸ் நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப். இந்த வருஷம் ஏப்ரல்ல மேஜர் லீக்குக்கு ஆள் தயாராகிற மைனர் லீக்ல, சார்லட் டீம்ல ஆடிட்டு இருக்கான், பேட்டிங் ஆவரேஜ் 0.149, ரொம்ப மோசம். பழைய வைட் சாக்ஸா இருந்தா அங்கயே விட்டு அழுக விட்டிருப்பாங்க. இந்த தடவை மேட்ச்ல இருந்தே எடுத்து அரிசோனா பயிற்சி மைதானத்துக்கு அனுப்பி, ஹிட்டிங் பொறுப்புல இருக்கிற ரயன் ஃபுல்லர் கூட உக்கார வெச்சு, தினமும் ஸ்விங்க பிரிச்சு மேஞ்சு திரும்பக் கட்டினாங்க. ஃபுல்லர் யாருன்னா பால்டிமோர்ல இருந்து வந்தவர், 2018ல 115 தோத்து 2023ல 101 ஜெயிச்ச அதே பால்டிமோர். ஜூலை 4ந்தேதி மேஜர் லீக் வந்தான் பையன், 71 மேட்ச்ல 21 ஹோம் ரன்! இருபத்தி ஒண்ணு! இது யாரோ கொடுத்த வரம் இல்ல, ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கத்துக்கொடுத்தது. பத்து வருஷமா இந்த டீம்ல நான் பாக்காத விஷயம் இது.

பிட்சர் ஷேன் ஸ்மித்தும் அப்படித்தான். அவரை காலேஜ் முடிச்சப்ப எந்த டீமும் டிராஃப்ட் பண்ணல. மில்வாக்கி மைனர்ல வெச்சிருந்தாங்க, ரூல் 5 டிராஃப்ட்னு ஒண்ணு இருக்கு, அடுத்த டீம் காபந்து பண்ணாம விட்ட பிளேயரை ஒரு லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கலாம், ஆனா சீசன் பூரா மேஜர் லீக் டீம்லயே வெச்சுக்கணும், முடியலன்னா திரும்ப அவங்களுக்கே கொடுக்கணும். மோசமான டீமா இருந்ததால மொத வாய்ப்பு நமக்கு வந்துச்சு, எடுத்தோம், அந்த சீசனே சிறந்த ஆளுங்க மட்டும் ஆடற ஆல் ஸ்டார் மேட்ச்சுக்குத் தேர்வானாரு. அப்புறம் காரெட் க்ரோஷேவ பாஸ்டனுக்குக் கொடுத்தது, 146 இன்னிங்ஸ்ல 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த பிட்சர், கொடுத்த அன்னிக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா வந்த நாலு பேர்ல கேட்சர் கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் இந்த வருஷமே தினமும் ஆடற ஆளுங்களா ஆயிட்டாங்க.

குறை இல்லாம இல்ல. ஒரு ரன் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச்கள்ல 15 ஜெயிச்சு 36 தோத்திருக்காங்க. ஏழாவது எட்டாவது இன்னிங்ஸ்ல பந்து போட நம்பிக்கையான ஆள் புல்பென்ல, அதாவது பின்னாடி இறங்கற பிட்சர் கூட்டத்துல, இல்லாததுதான் இதுல பாதி. புது மேனேஜர் வில் வெனபிளுக்கு அனுபவம் கம்மி, ஆனா டக்அவுட்ல ஒழுங்கு வந்திருக்கு, பசங்க அவுட்டுன்னு தெரிஞ்ச பந்துக்கும் ஓடுறாங்க. ரன் வித்தியாசம் 306ல இருந்து நூறு வாக்குல இறங்கியிருக்கு. ஆடின ஆட்டத்துக்கு இந்த டீம் இன்னும் பத்து மேட்ச் அதிகமா ஜெயிச்சிருக்கணும்னு நான் நெனக்கிறேன்.

டிராஃப்ட் பத்தி ஒரு வார்த்தை. 121 தோத்தா அடுத்த டிராஃப்ட்ல மொத ஆளை எடுக்கலாம்னுதானே நெனப்போம்? இல்ல. பெரிய ஊர் டீம், வருமானப் பங்கீட்டுல பணம் வாங்காத டீம், அடுத்தடுத்து ரெண்டு வருஷம் லாட்டரி பிக், அதாவது குலுக்கல்ல கிடைக்கிற மேல் இடம், எடுக்கக்கூடாதுன்னு ரூல், அதனால அவ்வளவு தோத்தும் பத்தாவது இடம்தான். வேணும்னே தோக்கக் கூடாதுன்னு கொண்டு வந்த ரூல், நியாயம்தான், ஆனா அந்த வருஷம் யாரும் வேணும்னு தோக்கல. இந்த டிசம்பர்ல லாட்டரி நம்ம பக்கம் விழுந்துச்சு, 2026 ஜூலைல மொத பிக் நமக்கு. யுசிஎல்ஏ ஷார்ட்ஸ்டாப் ரோக் சொலாவ்ஸ்கி பேருதான் அதிகமா அடிபடுது.

அதுக்கு மேல போன வாரம் முனேடாகா முராகாமி வந்துட்டாரு, ரெண்டு வருஷம் 34 மில்லியன். ஜப்பான்ல 2022ல யாகுல்ட் ஸ்வாலோஸுக்கு 56 ஹோம் ரன் அடிச்ச ஆளு, 25 வயசு. வேகமான பந்துக்கு நிறைய தடவை பேட் காத்துலதான் சுத்துது, மத்த டீம்கள் பயந்து பின்வாங்கினதுக்கு அதான் காரணம். எனக்கு பயம் இல்ல. மாண்ட்கமரிக்கு உக்காந்து கத்துக்கொடுத்த அதே ஆளுங்க இவருக்கும் உக்காருவாங்கன்னா ரெண்டு வருஷம் கொடுத்துப் பாக்கலாம்.

ஓனர் விஷயம், ஜூன்ல ஜஸ்டின் இஷ்பியாவோட ஒப்பந்தம் போட்டாச்சு, 2029ல இருந்து 2033க்குள்ள ரைன்ஸ்டார்ஃப் விரும்பினா டீமை அவர்கிட்ட ஒப்படைக்கலாம், 2034 சீசனுக்கு அப்புறம் இஷ்பியாவே கேட்டு வாங்கிக்கலாம். ரொம்ப தூரம். அதுவரைக்கும் பெரிய செலவு வரும்னு நான் எதிர்பாக்கல, அதனாலதான் கத்துக்கொடுக்கிறது மேல இவ்வளவு அழுத்தம் கொடுத்துப் பேசறேன், இந்த டீம் கையில இப்ப இருக்கிற ஒரே மூலதனம் அதுதான்.

முன்வரிசைல அண்ணன் ஒருத்தர் பேச்சு ஆரம்பிக்கும்போதே கேட்டாரு, எப்பதான் ஜெயிப்பாங்கன்னு. மோசமா தோத்தவங்க எல்லாரும் எழுந்துடல அண்ணே, பிட்ஸ்பர்க் 1993ல இருந்து 2012 வரைக்கும் இருபது வருஷம் தொடர்ந்து தோல்வி சீசன்தான் ஆடினாங்க. மெட்ஸ் 120 தோத்து ஏழு வருஷத்துல சாம்பியன், ஹூஸ்டன் மூணு வருஷம் தொடர்ந்து நூறுக்கு மேல தோத்து 2017ல சாம்பியன். நம்ம டீம் 2026ல போஸ்ட்சீசன் போகாது, எழுபது ஜெயிச்சா நான் திருப்தியா இருப்பேன். 2028ல டிவிஷனுக்கு சண்டை போடலன்னா இதே இடத்துல வந்து என் கணக்கு தப்புன்னு சொல்றேன். ஏப்ரல் மொத வாரம் ஹோம் ஓப்பனர், எங்க வீட்ல நாலு பேரும் போறோம், கூட வர்றவங்க போறதுக்கு முன்னாடி வாசல்ல பேர் சொல்லிட்டுப் போங்க, டிக்கெட் ஒண்ணா எடுத்துடலாம். ஜாக்கெட் மறக்காதீங்க, ஏப்ரல்லயும் அந்த மேல் வரிசைல குளிர் காத்து முகத்துல அறையும்.