கொல்லைமரப் பொந்தில் தேனீ குடியிருந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

கொல்லையில் ஒரு பழைய பலாமரம். அடிமரத்தில் பொந்து, அதற்குள் தேனீ வந்து அடைந்துவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், என்ன செய்யலாம்? மார்த்தாண்டம் பக்கம் தேனீப்பெட்டி வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருவார். மண்ணெண்ணெய் ஊற்றவா, மருந்து அடிக்கவா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். இரண்டும் வேண்டாம். பொந்து ஆள் உயரத்துக்கு மேலே இருந்து, நாம் புழங்குகிற வழியைப் பார்த்து இல்லையென்றால், எதுவுமே செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் அது என்ன தேனீ என்று பாருங்கள். உயரமான கிளையிலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ இரண்டு மூன்று அடி அகலத்துக்கு ஒரே அடை வெட்டவெளியில் தொங்கினால் அது மலைத்தேனீ. அதன் கிட்டப் போகவே கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். அடையே இல்லாமல் கிளையில் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தால், அது வீடு தேடுகிற கூட்டம். சும்மா விட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கிளம்பிவிடும். இருட்டான பொந்துக்குள் அடுக்கடுக்காகப் பல அடை கட்டி வாழ்வது அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ. நம் ஊர்ப் பெட்டிகளில் இருப்பதும் இதே ஆள்தான்.

ஒரு சாயங்காலம் பொந்துக்கு நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். வந்து இறங்குகிற ஈக்களின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை தெரிகிறதா? அது மகரந்தம். உள்ளே புழு, அதாவது தேனீக் குஞ்சு, வளர்கிறது, ராணி நலமாக இருக்கிறாள் என்று அர்த்தம். வாசலில் நாலைந்து ஈக்கள் தலையை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு சிறகடித்தபடியே நிற்கும். வெளிக்காற்றை உள்ளே தள்ளுகின்றன. பெட்டிகளில் வளர்க்கிற வெளிநாட்டு வகையான இத்தாலியத் தேனீ இதே வேலையைத் தலையை உள்பக்கம் வைத்துக்கொண்டு செய்யும். மரத்தைத் தட்டினால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் 'உஸ்ஸ்' என்று சீறும். பாம்பு என்று பயந்து ஓடியவர்கள் உண்டு.

மரம் பட்டுப்போகுமே என்று கேட்பார்கள். பொந்தைத் தோண்டியது தேனீ இல்லை. மரத்தின் நடுப்பாகம் ஏற்கெனவே செத்தது. உயிரோட்டமெல்லாம் பட்டையை ஒட்டித்தான்.

மருந்து அடித்தால் என்ன ஆகும்? ஈ சாகும், அடையும் தேனும் புழுவும் உள்ளேயே கிடக்கும். புழு அழுகி நாறும், எறும்பு வரும், மெழுகு அந்துப்பூச்சி வரும். அந்த விஷத் தேனைப் பக்கத்துக் கூட்டங்கள் கொள்ளையடித்துக்கொண்டு போகும். யாரோ ஒருவருடைய பெட்டி காலியாகும். இவ்வளவுக்கும் பிறகு, பழைய மெழுகு வாசனைக்கு அடுத்த பருவத்தில் இன்னொரு கூட்டம் அதே பொந்துக்கு வந்து சேரலாம்.

எங்கள் ஊர்த் தேன் தொழிலே பொந்துகளிலிருந்து வந்ததுதான். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் கிராமத்து மக்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலைகளில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அன்றைக்கு விலைக்குக் கூட்டம் எங்கே கிடைக்கும்? மரத்திலும் பாறை இடுக்கிலும் பிடித்துத்தான் பெட்டியில் குடியேற்றினார்கள். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. புழுக்கள் நீர் கோத்த பைகளாகிச் செத்தன. கேரளத்திலும் குமரியிலும் பெட்டிகளில் பெரும்பகுதி காலி. அப்புறம் நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களை வைத்துத்தான் தொழில் மறுபடி எழுந்தது. யாருடைய வைத்தியமும் இல்லாமல் தானாகப் பிழைத்து நிற்கிற பொந்துக் கூட்டம் எனக்கு விதைநெல் மாதிரி. அதைக் கொளுத்த மனசு வராது.

சரி, பொந்து சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழகிய தேனீ வளர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். அடைமழைக் காலத்தில் வேண்டாம். பூ இல்லாத நாளில் பெயர்த்தால் கூட்டம் பறந்தோடிவிடும். சாயங்காலம் புகை காட்டி, உளியால் வாயை அகலப்படுத்தி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுப்பார். தேன் அடை தனி. புழு அடைதான் முக்கியம்: மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி பெட்டிக்குள் வைக்கிற மரச்சட்டத்தில் பொருத்தி, வாழைநாரால் கட்டுவார். சில நாளில் ஈக்களே மெழுகு வைத்து அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலுக்கு வெளியே தள்ளும். அதைப் பார்த்தால் குடியேற்றம் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ராணியைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டால் மற்றவை பின்னாலேயே வரும். அவள் வெளியே போகாதபடி வாசலில் ராணித் தடுப்பு வைத்து, சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். பெட்டியைப் பொந்து வாசலிலேயே வைத்துவிட்டு, இருட்டிய பிறகு, எல்லா ஈயும் அடைந்த பின் எடுங்கள். அதே கொல்லையின் மறுகோடியில் கொண்டு வைத்தால், காலையில் வெளியே போன ஈ பழைய மரத்துக்கே திரும்பும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் தினம் அடி, இரண்டடியாக நகர்த்த வேண்டும்.

கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை விட்டு நகருங்கள். கொட்டிய இடத்தில் எழும் வாடை மற்ற ஈக்களையும் இழுக்கும். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு முட்டினால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

காலியான பொந்தை சிமெண்ட் போட்டு அடைக்காதீர்கள். ஈரம் தேங்கி மரம் இன்னும் உளுத்துப்போகும். ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டிவிட்டு, ஈ நுழையாத கம்பிவலையை வாயில் அடித்தால் போதும். மரத்தையே வெட்டப் போகிறீர்கள் என்றால் முந்தின நாள் ராத்திரி வாயில் வலை கட்டி, பொந்துக்கு மேலும் கீழும் அறுத்து, அந்தத் துண்டை நிமிர்ந்த வாக்கிலேயே கயிறு கட்டி இறக்கி, தொலைவில் நிழலில் நிறுத்தி வலையை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். வணக்கம்.