எலியின் வலியும் அம்மாவின் உளைச்சலும்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்த காலத்தில், மாலை கொழுந்து நிறுவை முடிந்து வரும் அம்மா, இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, முழங்காலில் சித்தாலேப தைலம் தேய்த்துக்கொண்டே, "கால் உளையுது, இடுப்பு கடுக்குது, கழுத்து இழுக்குது" என்பார். மூன்று வலிகளுக்கு மூன்று சொற்கள். பின்னாளில் மருந்தியல் படித்தபோதுதான், வலி ஆய்வு எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதை அச்சொற்கள் எனக்கு விளக்கின.

ஆய்வுகூடத்து எலி எதையும் சொல்வதில்லை. அதன் பாதத்தை மெல்லிய இழையால் அழுத்தியோ சூடு காட்டியோ, அது காலை எப்போது இழுத்துக்கொள்கிறது என்று அளக்கிறார்கள். அந்த அனிச்சைச் செயல், யாரும் தொடாமலே இரவெல்லாம் உளையும் காலைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லாது. நெடுங்காலமாக ஆய்வுக்கு எடுக்கப்பட்டவையும் பெரும்பாலும் ஆண் எலிகளே. நாட்பட்ட வலியால் கூடுதலாக அவதிப்படுவோரோ பெண்கள்.

வலிச் செய்தியைக் கடத்தும் 'பொருள் பி' 1931இல் கண்டறியப்பட்டது. அது நரம்பணுவில் பற்றிக்கொள்ளும் இடமான ஏற்பியைத் தடுத்த மருந்துகள் விலங்குகளின் வலியைத் தணித்தன, மனிதரிடம் பலிக்கவில்லை. அவற்றுள் ஒன்றான அப்ரெபிட்டன்ட், 2003இல் புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்தாகவே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டனெசுமாப் என்ற இன்னொரு வலி மருந்து மூட்டுவலியைக் குறைத்தது உண்மை. ஆனால் சிலருக்கு மூட்டு விரைந்து தேய்ந்தது, 2021இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

2006இல் வெளியான ஓர் ஆய்வை இன்றும் நெகிழ்ச்சியின்றி என்னால் நினைக்க முடியவில்லை. வடக்குப் பாகிஸ்தானில் கையில் கத்தியைச் செருகியும் தணல்மேல் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவனுக்கு வலியே தெரியாது. தன் 14ஆவது பிறந்தநாளுக்கு முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினரிடம் செய்த ஆய்வில், வலிச் செய்தி எழுவதற்காக நரம்பினுள் சோடியத்தை விடும் ஒரு வாயிலின் மரபணுப் பழுதே காரணம் என்று தெரிந்தது. அவ்வாயிலை அடைத்தால் போதும் என்று பல மருந்துகள் செய்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அதற்கு இனமான மற்றொரு வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் திடீர் வலிக்கு மட்டும். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் அதைச் சோதித்தபோது, மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு நிவாரணம் பெற்றார்கள்.

அண்மையில் கிளினிக்கில், வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டார்கள். "எந்த வலிக்குங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மருந்துச் சோதனைகளிலும் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணைத்தான் கேட்கிறார்கள். உளைச்சலையும் கடுப்பையும் தனித்தனியே கேட்டு எழுதும் வினாப்படிவம் ஒன்றை, கொழுந்து பறிக்கும் பெண்களோடு உட்கார்ந்து, நம் மலையகத்திலேயே உருவாக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு முன்வரும் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து உழைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.